ஏழாம் வட்டத்துப் பச்சை

பல்லும் ஈறும் பச்சையாகத் தெரிய, பத்திரம் எழுதும் முசியே துப்லேன் கண்ணை மேலே செருகிக்கொண்டு முனகினார். தாடியிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, அங்கியில் தைத்திருந்த வெள்ளி நட்சத்திரத்தின் மேல் சொட்டியது.

"தெரியுது... கிரீடம் தெரியுது!"

பிலோமின் தன் பாவாடையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள்.

பெண்களை உள்ளே விடாத சபை அது. இன்று அவள் கணவன் ஆன்செல்ம் ஏழாம் படி ஏறுகிறான் என்பதால் மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பாரிஸில் பெண்களின் உள்ளாடை விற்கும் கடைக்கு மேல்மாடி. பரலோகத்துக்கு இந்த வழியாகத்தான் படிக்கட்டாம்.

சுவரில் தொங்கிய துணியில் பத்து வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். யூத மறைஞானமான கபாலாவின் ஜீவ மரம். வட்டங்களுக்குள் எபிரேய எழுத்துகள். யூதர் தெருவில் கோழிக்கறிக் கடைப் பலகையிலும் இதே எழுத்துகளை இதே வரிசையில் பார்த்த நினைவு அவளுக்கு.

மகாகுரு மெல்கியோர் கோப்பையை உயர்த்தினார். போன வருஷம் வரை முடி வளரும் தைலம் விற்றவர்.

ஏழாம் வட்டம் சுக்கிரனுடையது, அதன் நிறம் பச்சை, ஆகவே அப்சிந்த் என்கிற இந்தப் பச்சைச் சாராயம் அதன் ரத்தம் என்றார். கோப்பையின் மேல் வைத்த ஓட்டைக் கரண்டிதான் திரை. கரண்டியில் இருக்கும் சர்க்கரைக் கட்டி கருணை. அதன் வழியே குளிர்ந்த நீர் சொட்டச் சொட்டப் பச்சை கலங்கி வெளுத்தால், ஏழாம் வட்டம் கிரீடம் எனப்படும் முதல் வட்டத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். இதற்கெல்லாம் தாயான கசப்புப் பூண்டின் எபிரேயப் பெயரை எண்ணாக்கினால் நூற்றைம்பத்தைந்து. அந்த இலக்கங்களைக் கூட்டினால் பதினொன்று.

"வட்டம் பத்துதானே குருவே?" என்றது ஒரு குரல்.

"குடிக்கிறவனைக் கழிச்சுக்கப்பா."

சபை சிலிர்த்துப்போனது.

ஆன்செல்ம் குடித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு ஆடினான். துப்லேன் கம்பளத்தில் வாந்தி எடுத்தார். இரண்டு சீடர்கள் மெழுகுவத்தியோடு மண்டியிட்டு, அது எந்த வட்டத்தின் வடிவத்தில் விழுந்திருக்கிறது என்று வாதிட்டார்கள். பிலோமினுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மத்தியானம் தின்ற பட்டாணிதான்.

வாந்தி அவளுக்குப் பெரிதில்லை. அவள் பயந்தது இதற்குப் பிறகு வரப்போவதற்கு.

வியாழக்கிழமைதோறும் இங்கிருந்து அவன் வாய் குழறியபடி வீட்டுக்கு வருவான். முதலில் நாற்காலியை உதைப்பான். அப்புறம் அவளை. காலையில் அவள் மடியில் முகம் புதைத்து அழுவான். "நான் இல்லடி, அந்தப் பச்சைதான்" என்பான். மற்ற நாட்களில் அவளுடைய காலுறையை அடுப்பருகே காயவைத்துச் சூடாக எடுத்துக் கொடுக்கிறவன். அவள் நம்பினாள். அவனை வெறுக்க முடியாமல் அந்த நிறத்தை வெறுத்தாள். கீரை வாங்குவதை நிறுத்தினாள். பச்சைத் தொப்பியை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இன்று அவள் வந்தது படி ஏறுவதைப் பார்க்க அல்ல.

சபை ஆடிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த சமையலறைக்குப் போனாள். தலையில் வைத்திருந்த கிரீடத்தைக் கழற்றி ரொட்டிக் கூடைமேல் வைத்துவிட்டு, மகாகுரு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினாள்.

"இனிமே என் வீட்டுக்காரருக்கு ஊத்தாதீங்க. ஊத்தினா நேரா போலீசுக்குத்தான் போவேன்."

மகாகுரு கன்றிப்போன அந்தக் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஓடிப்போய்ச் சாத்தினார்.

"மதாம், கத்தாதீங்க, உங்க காலுல விழுறேன். இதுல சரக்கே கிடையாது. சோம்பு வேகவச்ச தண்ணி, பார்ஸ்லிக் கீரைச் சாறு. சர்க்கரையில பாதாம் பால் ஊறியிருக்கு, அதான் வெளுக்குது. நிஜ அப்சிந்த் எனக்கு வயித்தைப் பிடுங்கும். இங்க ஒரு நாளும் ஊத்தினதில்ல."

அவள் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தாள். இன்னொன்றையும் குடித்தாள். காத்திருந்தாள். வயிற்று வலிக்குக் குழந்தைகளுக்குக் கொடுப்பது போலத் தித்திப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"அப்போ அங்க ஆடுறாங்களே?"

"ஒருத்தன் ஆடினா மத்தவனுக்கு நேரா நிக்க வெட்கம், மதாம். வாந்தியும் அப்படித்தான், ஒட்டுவாரொட்டி." கையைத் துடைத்துக்கொண்டார். சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் முதல் நாளே கண்டுபிடிச்சார். ஒரு வாய் குடிச்சார், என் காதுகிட்ட வந்தார், 'இது எனக்குப் போதும், வெளிய சொல்லிடாதீங்க'ன்னார். தங்கமான மனுஷன். இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடல."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சத்தமே எழவில்லை.

கூடத்தில் சபையாரின் கைத்தட்டலுக்கு நடுவே ஆன்செல்மை அவளிடம் ஒப்படைத்தார்கள். அவன் அவள் தோளில் சாய்ந்தான். படி இறங்கினார்கள்.

தெருவில் அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டு போனார்கள். ஆன்செல்ம் ஏழாம் படியின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தான். குதிரைச் சாணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து விலகி, புதுச் செருப்பில் ஒட்டாமல் நடந்தான்.

ரொட்டிக்கடை முனை திரும்பியதும் அவர்களுடைய வீட்டு ஜன்னல் தெரிந்தது.

அவன் நாக்கு குழறத் தொடங்கியது. கால் பின்னியது. உடம்பின் பாரம் முழுவதையும் அவள் மேல் இறக்கினான்.

பிலோமின் விலகி நின்றாள்.

அவன் விழவில்லை.