பூட்டு இருந்த கட்டம்

மறுபடியும் வெறும் கட்டம்தான் வந்தது.

சலவைத் துணியின் காலரில் ஒட்டுகிற நாடா அது. அதில் பூட்டு வர வேண்டும். என் துணிக்கான குறி. மெஷின் காலிக் கட்டத்தைத் துப்பிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் பாருப்பா," என்றேன் ரிப்பேருக்கு வந்தவனிடம். "ஊரான் வீட்டுக் குறியெல்லாம் வருது. கடைக்காரன் குறி மட்டும் வரமாட்டேங்குது."

அவன் பதில் சொல்லாமல் எதையோ தட்டினான். பதில் சொல்லாமல் தட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. நாற்காலியை அவன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதனால் கடை ஆரம்பித்தபோதே வீட்டுக்கு ஒரு குறி வைத்தேன். டாக்டர் வீட்டுக்கு ஏணி. வக்கீல் வீட்டுக்குத் தேள். அவருக்கு அது தெரியாது. முதியோர் இல்லத்து மூட்டைக்குக் குடை. அந்த மூட்டையில் வரும் சட்டைகளில் பாதிக்குப் பொத்தானே இருக்காது. கேட்கவும் ஆள் வராது.

எவனையும் நம்பாத எனக்குப் பூட்டுதான் பொருத்தம் என்று என் பெண்டாட்டி சொன்னாள். அவள் இருந்தவரை எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான். கல்யாணமானதும் மகன் தன் குடும்பத்துக்குத் தனியாக மீன் வைத்துக்கொண்டான்.

மையால் எழுதியது போய் மெஷின் வந்தது. மகன்தான் என் குறிகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் வரைந்து, எழுத்தோடு எழுத்தாக ஃபாண்டில் சேர்த்தான். ஒரு கீயைத் தட்டினால் ஏணி, இன்னொன்றுக்குத் தேள். நன்றாகத்தான் ஓடியது. போன வாரம் பூட்டு மட்டும் கட்டமாகிவிட்டது.

"அப்புறம் பாத்துக்கலாம்பா," என்று மகன் நாளைக் கடத்தினான். மெஷின் விற்றவன் இவன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். மகன் துணி கொடுக்கப் போன நேரம் பார்த்து நானே ஆளைக் கூப்பிட்டேன்.

ரிப்பேர்க்காரன் பிரிண்டரை அணைத்துப் போட்டான். கட்டம். ஃபாண்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். கட்டம்.

பிறகு ஃபாண்டையே திறந்தான். திரை முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு குறி. ஏணி இருந்தது, தேள் இருந்தது, மீன் இருந்தது. பூட்டின் அறை காலி.

"மெஷின் மேல தப்பில்ல பெரியவரே. இந்தக் குறிய யாரோ எடுத்திருக்காங்க."

"எலி கடிச்சிருக்குமோ?"

"எலி வயரத்தான் கடிக்கும். இது தேடிப் போய் எடுத்தது."

கூலியைக் கூட்டக் கதை கட்டுகிறான் என்று பட்டது. முதலில் குறியைப் போடு, கதையை அப்புறம் கேட்கிறேன் என்றேன்.

நான் காகிதத்தில் வரைந்து காட்ட, அதைப் பார்த்து அவன் திரையில் வரைந்தான். சாவித் துளையை விட்டுவிட்டான். அதட்டி வைக்கச் சொன்னேன். கீயைத் தட்டினான்.

பூட்டு வந்தது.

சூடு ஆறுவதற்குள் நாடாவைக் கிள்ளி எடுத்துக்கொண்டு என் சட்டைகளைத் தேடிப் போனேன். வழக்கமான அலமாரியில் இல்லை. தேய்த்து, மடித்து, என் கம்பளிப் போர்வையோடு சேர்த்துத் தனி மூட்டையாகக் கதவோரம் வைத்திருந்தார்கள். விட்டுப்போன பொத்தான்களையெல்லாம் மருமகள் புதிதாகத் தைத்திருந்தாள்.

மேலே இருந்த சட்டையின் காலரைப் புரட்டினேன். ஒட்ட இடமில்லை. ஏற்கெனவே புது நாடா ஒட்டியிருந்தது.

குடை.

அடுத்த சட்டையிலும் குடை. போர்வையின் ஓரத்திலும்.

வாசலில் மகனின் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தவன் என் கையிலிருந்த பூட்டைப் பார்த்தான், ரிப்பேர்க்காரனைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அங்க எல்லாருக்கும் ஒரே குறிதான்பா," என்றான்.