ஒன்பதாவது ஓநாய்

ஊரிகம் நகரத்து டாட்டூ கடையில் மதிய வெயில் மேசைவரை வந்திருக்கிறது. வேலை பழகும் மமதா, வாழைப்பழத் தோலில் எட்டாவது ஓநாயைக் குத்தி முடிக்கிறாள். கடைக்காரர் டென்சில் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "இன்னா மமதா, இதுவும் நாயாட்டம் கீது. ஓநாய ஆம்பளைங்க பாத்துக்கிறோம், நீ பூ போடு." அவளுக்கு முகம் சூடேறுகிறது. பழத்தைத் தள்ளிவிட்டு, பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, தன் காலையே துடைத்து, புது ஊசி மாட்டுகிறாள். "ஏய், தப்பாப் போனா அழியாது!" என்று பதறுகிறார் டென்சில். "நாயா வந்தா நாயோடவே இருந்துக்கிறேன், போங்கண்ணா." மெஷின் இரைகிறது. இந்த முறை ஓநாயின் கண்ணிலிருந்து தொடங்குகிறாள். சாய்ந்து ஒடுங்கிய, நாய்க்கு இல்லாத கண். ரத்தம் புள்ளி புள்ளியாய்த் துளிர்க்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறாள், கை ஆடவில்லை. டென்சில் சிரிப்பு அடங்கி, குனிந்து பார்க்கிறார். "தள்ளிக்கோங்கண்ணா," என்கிறாள் தலை தூக்காமல், "வெளிச்சத்த மறைக்கிறீங்க."