கிணற்றுக்குள் ரயில்

வீடியோ கேம்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் அந்த இணையதளத்துக்காக ஜெசிந்தா ஒன்பது வருடம் சம்பளமில்லாமல் உழைத்திருந்தாள். ஒவ்வொரு கேமையும் கடைசிவரை ஆடி, முடிவில் திரையில் ஓடும், யாரும் படிக்காத, அதை உருவாக்கியவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் தளத்தில் ஏற்றுவாள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் உழைத்தவனுக்குச் செய்யும் துரோகம் என்பாள். வேறு தளக்காரர்கள் காப்பியடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க, 'கிணற்றுக்குள் ரயில்' என்று இல்லாத கேம் ஒன்றையும் இரண்டே வரியில் எழுதி நடுவில் சொருகியிருந்தாள்.

போன மாதம் தளத்தை ஒரு கம்பெனி வாங்கியது. அவள் எழுதிய மூவாயிரம் பக்கங்களிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி எல்லாம் இயந்திரம் எழுதுமாம். அது அந்த இரண்டு வரியை ஊதிப் பெருக்கி, ஐந்து லெவல், ஒரு வில்லன், பத்துக்கு எட்டு மார்க் என்று முழுப் பக்கமாக்கியிருந்தது. கீழே கமெண்ட்டில் நான்கு பேர், சின்ன வயதில் ஆடியதாக உருகியிருந்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அப்படி ஒரு கேமே கிடையாது. முதல்ல அதைத் தூக்குங்க."

"நாலு பேர் ஆடியிருக்காங்களே மேடம்."

"எப்படிய்யா ஆடுவாங்க? திருடனைப் பிடிக்க நான் இட்டுக்கட்டி எழுதுனது அது."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப உருவாக்குனவர் நீங்கதான். அந்த இடம் மட்டும் காலியா கெடக்கு மேடம். உங்க பேரைப் போட்டுடறேன், இனிஷியலோட சொல்லுங்க."