ஒரே விலாசம்

கடைக் கம்ப்யூட்டரில் விலாச லேபிள் அடிக்க மெயில் மெர்ஜ் போட்டால், முப்பத்தாறு லேபிளிலும் ஒரே பெயர், ஒரே விலாசம். அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் எக்செல் பட்டியலைத் திறந்தேன். முப்பத்தாறு வரியும் ஒன்றேதான்!

“அக்கா, நீங்க குடுத்த லிஸ்ட்டே தப்பு. ஒண்ணை விட்டுட்டு மீதியை அழிச்சுட்டேன்.”

வாடிக்கையாளர் அக்கா பதறிப்போனார். “ஐயோ, அது என் மகன் விலாசம், தம்பி. முப்பத்தாறும் வேணும்.”

“ஒருத்தருக்கு எதுக்குக்கா இத்தனை?”

பையிலிருந்து ஒட்டிய கடித உறைகளை எடுத்து மேசையில் அடுக்கினார்.

“எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு, அதான் லேபிள். மாசம் ஒண்ணா பக்கத்து வீட்டுத் தங்கச்சி தபால்ல போட்டுடுவா. அவன் ஜெயில்ல இருந்து வர இன்னும் மூணு வருஷம் இருக்கு. டாக்டர் எனக்குச் சொன்னது ரெண்டு மாசம்.”