ஓட்டை போடாத பொம்மை

எழுபத்திரண்டில் மெட்ராஸ் மீன்தொட்டிக் கடையொன்று நூறு பொம்மைகள் கேட்டிருந்தது. பவளக் குன்று ஒன்று, அதன் உச்சியைப் பிடித்தபடி முதுகில் காற்று உருளையோடு ஒரு முக்குளிப்பவன். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அவற்றின் அடியில் ஓட்டை போடுவது நீலாவதியின் வேலை. ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி, பொம்மை சூளையில் வெடித்துவிடும். ஒன்றுக்கு மட்டும் மறந்துவிட்டாள்.

"இது எப்பிடிண்ணே வெடிக்காம வந்துது?"

சூளைக்காரர் கொளஞ்சி புரட்டிப் பார்த்தார். "அதிசயமாத்தான் இருக்குது. தண்ணியில போடு. கீறல் இருந்தா குமிழி வரும்."

வாளியில் போட்டதும் மூழ்கியது. குமிழி வந்தது, முக்குளிப்பவனின் வாயிலிருந்து. ஒன்று வரும், நிற்கும், மறுபடி ஒன்று வரும். நீலாவதி தன் மூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே சீராக இருந்தன.

சாப்பாட்டுச் சங்கு ஊதியும் இருவரும் எழவில்லை. பொம்மைக்குள் அவ்வளவு காற்று ஏது என்று தெரிந்துகொள்ள ஆசை. கொஞ்ச நேரத்தில் குமிழிகளின் இடைவெளி நீண்டது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"தூக்கு புள்ள, தூக்கு!"

அவர் கத்தி முடிக்குமுன் தூக்கிவிட்டாள். முகத்தருகே கொண்டுபோனாள். நெற்றியில் தொங்கிய அவள் முடியிழை ஒன்று பொம்மையின் வாய்ப் பக்கம் வெடுக்கென்று இழுபட்டது. பிறகு மெல்ல விலகியது.