ஒரு சுவருக்கு மூன்று தொகை

கூடத்தின் நடுவே குறுக்குச் சுவர் எழுப்ப மூன்று மேஸ்திரிகள் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே சுவருக்கு மூன்று தொகை. வீட்டில் இந்தப் பாதி தனக்கு, அந்தப் பாதி கணவர் ஞானசேகரனுக்கு என்று சண்டைகூட இல்லாமல் பேசி முடித்திருந்த திலகவதிக்கு, ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்கவே அலுப்பாக இருந்தது. ஆனாலும் அதிகம் சொன்ன அந்தோணி மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

“ஒருத்தர் செங்கல்லுக்குச் சொல்லியிருப்பாரு, ஒருத்தர் ஹாலோ பிளாக்குக்கு. நான் நடுவுல ஒரு கதவும் சேர்த்திருக்கேம்மா.”

“கதவு நாங்க கேக்கலையே?”

“கேக்கலதான். யாருக்காவது நெஞ்சு வலி வந்தா செவுத்தையா இடிச்சுக்கிட்டு ஓடுவீங்க? வேணாம்னா எடுத்துட்டுக் குறைச்சுடறேன்.”

டிவி பார்த்துக்கொண்டிருந்த ஞானசேகரன் திரும்பாமலேயே, “எது கம்மியோ அதையே முடிச்சுடு” என்றார்.

சுவர் வரப்போகும் இடத்தைப் பார்த்தாள். தரையில் மேஸ்திரி சாக்பீஸால் இழுத்திருந்த கோடு, இருவரும் நடந்து நடந்து பாதி அழிந்திருந்தது.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.” குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பீங்க?”