பல்லி விழுந்த தண்ணீர்

விடிந்து எழுந்து பார்த்தால் வீட்டில் உள்ள பாத்திரமெல்லாம் நிறைந்து கிடந்தது.

அண்டா, குடம், கொப்பரை, பால் செம்பு. என் அத்தை, மாமியார்தான், ராத்திரியெல்லாம் நனைந்துகொண்டு ஓட்டு விளிம்புக்குக் கீழே வரிசையாக வைத்தவை. மிச்சமிருந்த சந்தில் என் மகளின் சொப்புப் பானையைக்கூட வைத்திருந்தார். அதுவும் நிறைந்திருந்தது.

திருச்சுழியில் மழை பெய்து எத்தனை காலம்! தெருவே சிரித்துக்கொண்டு நின்றது. எனக்கு மட்டும் அழுகை வந்தது. வெளியே சொன்னால் விளக்குமாற்றால் அடிப்பார்கள்.

தண்ணீர் இருந்தால் நான் ஊற்றுக்குப் போக வேண்டாம். ஊற்றுக்குப் போகாவிட்டால் என் நாவல் முடியாது.

நாவல் எழுதுகிற மூஞ்சியைப் பார் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைக்கிறவளுக்குத்தான் தெரியும், அங்கே எவ்வளவு நேரம் சும்மா உட்காரக் கிடைக்கும் என்று. ஒரு சிரட்டை கோரினால் அடுத்த சிரட்டை ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற பெண்கள் நல்ல ஊற்றுக்குச் சண்டை போடுவார்கள். நான் யாரும் சீந்தாத மந்தமான ஊற்றாகப் பார்த்து உட்காருவேன்.

சும்மாட்டுத் துணிக்குள் சினிமா நோட்டீஸ்களைச் சுருட்டி வைத்திருப்பேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பென்சில் கொண்டைக்குள்.

தண்ணீர் மெல்ல ஊறும். மணலுக்கு அந்தப் பக்கம் கானல் ஆடும். அதற்குள்ளிருந்து அவள், என் நாவலில் வருகிறவள், தகரப் பெட்டியோடு நடந்து வருவாள். கரையில் நிற்கும் கருவேல மரம் அவளுக்குப் பஸ் நிறுத்தமாகிவிடும். மேய வந்த வெள்ளாடுகள் அவள் சேலையை உரசிக்கொண்டு போகும். சில நாள் அவளோடு பேசிக்கொண்டே இருந்துவிடுவேன். குழி நிறைந்து வழிவதுகூடத் தெரியாது.

வீட்டில் இதெல்லாம் நடக்குமா? உட்கார்ந்தால் சின்னவன் மடியில் ஏறுவான். அவன் இறங்கினால் பெரியவளுக்குப் பேன் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். நாலாம் அத்தியாயத்தை ஆடு தின்றுவிட்டது. அதைத் திரும்ப எழுதி முடிக்கும்போது சின்னவனுக்கு மாந்தம் வந்து எல்லாம் நின்றுபோனது.

ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது மட்டும் அடுத்து எழுதப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கல் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் அத்தை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காது மந்தம்.

அத்தைக்கு ஆசாரம் மட்டும் ரொம்ப ஜாஸ்தி. முகம் கழுவிய தண்ணீரைக்கூட முருங்கைக்கு விடுகிற மனுஷி, குடத்தில் பல்லி விழுந்துவிட்டால் ஈவு இரக்கம் பார்க்கமாட்டார். அப்படியே கவிழ்த்துவிடுவார். நான் தெருவுக்குக் கேட்கிற மாதிரி புலம்பிக்கொண்டே ஊற்றுக்குக் கிளம்புவேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு இந்தக் கோடையில் என்ன வந்ததோ, விழுந்துகொண்டே இருந்தன.

இன்றைக்கு என்ன செய்ய?

மதுரைப் பத்திரிகை ஒன்று நடத்தும் நாவல் போட்டிக்கு நாளைதான் கடைசி நாள். என் தம்பி இருளாண்டி சாயங்காலப் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறான். அவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி. புருஷன் வீட்டை விட்டு வந்தவள் பந்தல்குடி ரோட்டில் பெட்டியோடு நிற்கிறாள். தூரத்தில் பஸ் வருகிறது. ஏறுவாளா, வீட்டுக்குத் திரும்புவாளா என்று எனக்கே தெரியாது.

அவளை வெயிலில் நிறுத்திவிட்டு நான் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன். புகையில் கண்ணெல்லாம் எரிந்தது. நல்லதாகப் போயிற்று, ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

கொல்லையில் சளாரென்று சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தை அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். குடமும் கொப்பரையும் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தன. அத்தனை மழைத் தண்ணீரும் முருங்கை மூட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"அய்யோ அத்தே, என்ன செய்றீக?"

"பல்லி விழுந்துருச்சுத்தா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயுந்தான்."

ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். வேப்பிலை, ஓட்டுச் சில்லு, ஒரு கோழி இறகு. பல்லியைக் காணோம். அதன் வாலைக்கூடக் காணோம்.

அத்தை என் முகத்தைப் பார்க்காமல் வெறுங்குடத்தை என் இடுப்பில் வைத்தார். தாழ்வாரக் கொடியில் கிடந்த சும்மாட்டை எடுத்து, உள்ளே இருந்த சுருள் நழுவிவிடாமல் இறுக்கிக் கட்டிக் கையில் கொடுத்தார்.

"சின்னவன நான் பாத்துக்கிறேன். நீ மெதுவா வா."

நான் படலைத் திறக்கப் போனேன். அத்தை பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

"செல்லத்தாயியத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பிறாதத்தா. பஸ் ஏத்தி விட்ரு."

என் நாவலில் வருகிறவளின் பெயர் அது. ஆட்டுக்கல்லைத் தவிர வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.